கப்பலில் முதிர்ந்த மது: மதீராத் தீவின் நிலமும் ஒயினும்

அட்லாண்டிக் பெருங்கடலில், மொராக்கோக் கரைக்கு மேற்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால், லிஸ்பனிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது மதீரா. இன்று போர்ச்சுக்கலின் தன்னாட்சிப் பகுதி. நீளம் 57 கி.மீ., மிக அகன்ற இடத்தில் 22 கி.மீ., பரப்பு சுமார் 740 சதுர கி.மீ. இச்சிறு பரப்பின் நடுவே பிக்கோ ருய்வோ சிகரம் 1,862 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கடலடியிலிருந்து எழுந்த எரிமலை ஒன்றின் தலைப்பாகமே தீவு. சமதளம் என்று சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. மலைமுதுகிலிருந்து கடல் வரை பிளந்து இறங்கும் பள்ளத்தாக்குகளும், கபோ ஜிராவோவில் 580 மீட்டர் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை முகமும்தான் அதன் நிலத்தோற்றம்.

இத்தீவின் ஒயின் உலக ஒயின்களுள் தனி வகை. பிற ஊர்களில் ஒயினுக்குப் பகையென ஒதுக்கப்படும் இரண்டு, அதாவது வெப்பமும் காற்றும், இங்கே அதை ஆக்கும் கருவிகள். குளிர்ந்த நிலவறையில் அல்லாமல் மாடியறையின் புழுக்கத்தில் அது முதிர்கிறது. இவ்வழக்கத்தைத் தீவின் மண்ணிலோ தட்பவெப்பத்திலோ தேடினால் விடை கிடைக்காது. அது கப்பலில் பிறந்து பிறகு கரையேறிய வழக்கம்.

மலையும் வாய்க்காலும்

வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து நடுமலையில் மோதுகிறது. அதனால் வடபக்கம் ஆண்டின் பெரும்பகுதி முகிலும் தூறலுமாக இருக்க, தென்பக்கம் மழைமறைவில் காய்கிறது. மலையுச்சிகளில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்கரையில் உள்ள தலைநகர் ஃபுஞ்சாலில் 600 மில்லிமீட்டர் அளவே. குளிர்காலத்திலும் தாழ்நிலத்தில் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசுக்கு அருகிலேயே நிற்கும். ஆகஸ்டில் 22, 23 பாகை. உறைபனிக்குக் கரையோரத்தில் இடமில்லை.

கேட்பதற்கு இனிய இந்தத் தட்பவெப்பம் திராட்சைக்கு அவ்வளவு இனியதன்று. மிதமான சூடும் விடாத ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்குத்தான் முதல் விளைச்சல். குலை அழுகுமுன் பறித்தாக வேண்டியிருப்பதால், சர்க்கரை நிறைவாக ஏறாத, புளிப்பு மிகுந்த பழமே பெரும்பாலும் கைக்கு வருகிறது. எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்பழுப்பு மண்ணும் அமிலத்தன்மை உடையது. சாதாரண மேசை ஒயினுக்கு இப்புளிப்பு ஒரு குறை. நூறாண்டு தாங்கும் ஒயினுக்கோ அதுவே முதுகெலும்பு. ஆனால் இந்த உண்மை தெரியவர ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிடித்தன.

நிலமில்லாத இடத்தில் உழவர் நிலத்தைக் கட்டினார்கள். சரிவை வெட்டி, கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்பிய அடுக்கு வயல்களுக்கு அங்கே ‘போயோ’ என்று பெயர். சில வயல்கள் ஒரு வீட்டுத் திண்ணையைவிடப் பெரியவை அல்ல. வடக்கில் மிகும் நீரைத் தெற்கின் வறண்ட வயல்களுக்குக் கொண்டுவர மலைச்சரிவுகளின் குறுக்கே வெட்டப்பட்டவை ‘லெவாடா’ என்னும் குறுகிய வாய்க்கால்கள். 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இப்பணி 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. மொத்த நீளம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் எனக் கணக்கிடப்படுகிறது. தொடக்கக் கால வாய்க்கால்களில் அடிமைகளின் உழைப்பும் கலந்திருக்கிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் அந்த வாய்க்கால் கரைகளில் நடைப்பயணம் போகிறார்கள்.

கொடிகளைத் தாழ்வான பந்தலில் படரவிடுவதே பழைய முறை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆனால் மதீராவின் பந்தல் இடுப்பளவுக்கும் சற்றுக் கூடுதலான உயரத்திலேயே நின்றுவிடுவது உண்டு. பறிப்பவர் குனிந்தும் குந்தியும் உள்ளே நுழைய வேண்டும். காற்றோட்டத்தால் பூஞ்சை குறைவதும், கீழே கிழங்கோ காய்கறியோ பயிரிட இடம் கிடைப்பதும் இதன் நோக்கங்கள். எந்திரம் ஏற முடியாத சரிவுகள் என்பதால் அறுவடை இன்றும் கையால்தான்.

கொடி இனங்கள் உயரத்தை ஒட்டி அமைந்துள்ளன. புளிப்பு மிகுந்த செர்சியல், மலையின் மேற்பகுதியிலும் வடகரையின் செய்ஷால், போர்ட்டோ மொனிஸ் பகுதிகளிலும் விளைகிறது. போர்ச்சுக்கல் பெருநிலத்தில் இதற்கு ‘நாயின் தொண்டையை நெரிப்பது’ என்று பொருள்படும் பெயர் உண்டு. பழத்தைக் கடித்தவர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். வெர்டெல்யோவும் பெரும்பாலும் வடக்குக்கு உரியது. போவால் தென்மேற்கின் வெம்மையான சரிவுகளை நாடும். மல்வாசியாவுக்குக் கடலோரத்துச் சூடு வேண்டும். பழைய மல்வாசியாவுக்குப் புகழ்பெற்ற இடம், கபோ ஜிராவோவின் அருகே பாறைச் சுவரின் அடியில் ஒட்டிக்கிடக்கும் ஒரு சிறு கரைநிலம்: ஃபஜா டோஸ் பாத்ரிஸ், அதாவது பாதிரிமார் கரை. தமிழில் வழங்கும் ‘பாதிரி’யும் அந்தப் ‘பாத்ரி’யும் ஒரே போர்ச்சுக்கீசியச் சொல். தீவின் பெரிய நிலவுடைமையாளர்களுள் ஒருவராக இருந்த இயேசு சபையினர் 1759இல் போர்ச்சுக்கலிலிருந்து வெளியேற்றப்படும் வரை இக்கரை அவர்கள் கையில் இருந்தது.

கரும்புக்குப் பின் கொடி

1419இல் போர்ச்சுக்கீசிய மாலுமிகளான ஜொவாவோ கொன்சால்வெஸ் சார்கோவும் திரிஸ்தாவோ வாஸ் டெய்ஷெய்ராவும் மதீராவை அடைந்தபோது அங்கே மக்கள் இல்லை, காடு இருந்தது. தீவின் பெயருக்கே ‘மரம்’ என்று பொருள். குடியேறியவர்கள் வைத்த தீ ஏழாண்டுகள் எரிந்தது என்ற மரபுக்கதை மிகைதான். ஆயினும் தென்சரிவின் காடு மிக விரைவில் மறைந்தது. வடபக்கத்தில் எஞ்சிய லாரல் காடு 1999இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

போர்ச்சுக்கல் இளவரசர் ஹென்றியின் ஆதரவில் கரும்பும், கிரீட் தீவின் மல்வாசியாக் கொடியும் கொண்டுவரப்பட்டன. 1455இல் வந்துபோன வெனீசுப் பயணி அல்விசே கதமோஸ்டோ இவ்விரண்டையும் கண்டு எழுதியிருக்கிறார். ஆகக் கொடியின் வரலாறு குடியேற்றத்தின் வரலாற்றோடு சமவயது உடையது. எனினும் முதல் நூறாண்டில் பணம் ஈட்டியது கரும்புதான். மதீராவின் சர்க்கரை ஃபிளாண்டர்ஸ் வரை சென்றது. கொலம்பஸே 1478இல் சர்க்கரை வாங்கும் வணிகராக இங்கு வந்தவர். 16ஆம் நூற்றாண்டில் பிரேசில் சர்க்கரை மலிந்ததும் இச்செழிப்பு தேய்ந்தது. கரும்பு விட்டுப்போன வயல்களில் கொடி ஏறியது.

1478இல் இங்கிலாந்தின் கிளாரன்ஸ் கோமகன் மால்ம்சிப் பீப்பாயில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார் என்ற கதையை மதீராவோடு இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மால்ம்சி என்பது மல்வாசியாவின் ஆங்கில வடிவம். அக்காலத்து இங்கிலாந்தில் அச்சொல் குறித்தது கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயினைத்தான். எனவே இந்த இணைப்பு ஏற்கத்தக்கதன்று.

வயல்களின் அளவைத் தீர்மானித்தது ‘கொலோனியா’ என்னும் குத்தகை முறை. நிலம் உடையவருக்கு, விளைச்சலில் பாதியும் அவருக்கு. ஆனால் சுவர், கொடி, குடிசை, வாய்க்காலின் கிளை ஆகிய ‘மேம்பாடுகள்’ உழுபவரின் சொத்து. அவற்றுக்கு ஈடு கொடுக்காமல் அவரை வெளியேற்ற இயலாது. தமிழ்நாட்டு வாரக் குத்தகையை ஒத்த இம்முறையில், கட்டிய சுவர் உழவனுக்குப் பாதுகாப்பு. அதே சுவர் அவனை அந்நிலத்தோடு பிணைத்த கயிறும்கூட. பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்க வயல்கள் துண்டாயின. 1977இல்தான் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. துண்டுகள் அப்படியே இருக்கின்றன.

மிதிதொட்டியில் காலால் மிதித்த சாற்றை ஆட்டுத்தோல் பைகளில் அடைத்து, தோளில் சுமந்து மலைப்பாதை வழியே ஃபுஞ்சாலுக்கு இறக்கியவர்கள் ‘பொர்ரஷெய்ரோ’ எனப்பட்டனர். முழு ஆட்டின் தோலை உரித்துத் தைத்த பை அது. நிறைந்தால் ஏறத்தாழ 50 லிட்டர். வண்டிச்சாலை வந்த 20ஆம் நூற்றாண்டு வரை இந்த வரிசை நடந்துகொண்டிருந்தது. மலையில் உழவன் மிதித்த சாறு, துறைமுகத்தில் வணிகனின் கிடங்கை அடைந்த பிறகே ஒயினாக மாறியது. தீவின் ஒயின் வரலாற்றில் உழவனின் பெயர் அரிதாகவும் வணிக நிறுவனத்தின் பெயர் எங்கும் இருப்பதற்கு இந்தப் பிரிவே காரணம்.

கப்பல் செய்த வேலை

மதீராவின் அதிர்ஷ்டம் அதன் இருப்பிடம். ஐரோப்பாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நன்னம்பிக்கை முனை வழியே இந்தியாவுக்கும் செல்லும் பாய்மரக் கப்பல்களுக்கு ஃபுஞ்சால் இயல்பான தங்குதுறை. தண்ணீர், காய்கறி, ஒயின் மூன்றும் இங்கே ஏறின. 1768இல் தம் முதல் பயணத்தில் இங்கு நங்கூரமிட்ட கேப்டன் குக், 3,000 காலனுக்கு மேற்பட்ட ஒயினை ‘என்டவர்’ கப்பலில் ஏற்றிக்கொண்டார்.

இருப்பிடத்தோடு சட்டமும் கைகொடுத்தது. 1662இல் போர்ச்சுக்கல் இளவரசி கத்தரீனாவை இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மணந்தார். பம்பாய் ஆங்கிலேயர் கைக்கு வந்தது இந்த மணத்தின் சீதனமாகத்தான். மறு ஆண்டு, ஐரோப்பியச் சரக்குகள் எல்லாம் இங்கிலாந்து வழியாகவே குடியேற்ற நாடுகளுக்குச் செல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. மதீரா, அசோர்ஸ் ஒயின்களுக்கு மட்டும் அதில் விலக்கு. பாஸ்டன், சார்ல்ஸ்டன், பார்படோஸ் துறைகளுக்கு மதீரா நேரே போகலாம். பிரெஞ்சு ஒயின் லண்டனைச் சுற்றித்தான் போக வேண்டும். அமெரிக்கக் குடியேறியவர்களின் மேசையில் மதீரா நிலைபெற்றதற்குச் சுவையைவிட இந்தச் சுங்க வசதியே முதற்காரணம் எனலாம். 1768 ஜூனில் பாஸ்டனில் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த, வணிகர் ஜான் ஹன்காக்கின் ‘லிபர்ட்டி’ கப்பல் கொண்டுவந்ததும் மதீராதான். அதையொட்டி எழுந்த கலவரம் அமெரிக்க விடுதலைப் போரின் முன்னோடி நிகழ்வுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இந்த ஒயின் ஏற்றப்பட்ட கலத்துக்குப் போர்ச்சுக்கீசியத்தில் ‘பிப்பா’ என்று பெயர். மதீராவின் பிப்பா 418 லிட்டர் கொள்ளும். தமிழின் ‘பீப்பாய்’ இச்சொல்லிலிருந்து வந்ததே. சொல் மட்டும் அல்லாமல் பொருளும் தமிழகக் கடற்கரைக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதீராவில் ஒயின் ஏற்றிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் கொண்டுவந்தன. புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரின் அன்றாட ஒயின் மதீராவாகவே இருந்தது. பிற ஒயின்கள் வழியிலேயே புளித்துப்போக, மதீரா மட்டும் கெடாமல் வந்தது அதற்குக் காரணம்.

இந்த இடத்தில்தான் வரலாறு திரும்புகிறது. கப்பலின் அடித்தளம் வெப்பமண்டலக் கடலில் பல வாரங்கள் அடுப்பைப் போலச் சுடும். அதற்குள் குலுங்கிக்கொண்டு கிடந்த மதீரா கெடாததோடு மேம்பட்டும் இருப்பதை வாங்குவோர் கண்டனர். விற்காமல் திரும்பிய ஒரு பீப்பாயைத் திறந்து பார்த்து வணிகர் வியந்தனர் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. அழகான கதை, ஆனால் ஒரே நாளில் ஒருவர் கண்டறிந்ததாகக் கொள்ள இடமில்லை. வரலாற்றாசிரியர் டேவிட் ஹன்காக், 2009இல் வெளிவந்த தமது நூலில், வணிகர்களின் கடிதங்களை ஆராய்ந்து, விளைவிப்போர், அனுப்புவோர், குடிப்போர் ஆகிய மூவரும் நெடுங்காலம் பரிமாறிக்கொண்ட கருத்துகளிலிருந்தே இந்த ஒயின் உருவானது என்று காட்டியுள்ளார். சான்றுகளுக்குப் பொருந்துவது இதுவே.

இரண்டு மாற்றங்கள் 18ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டன. முதலாவது, கெடாமல் காக்கத் திராட்சைச் சாராயம் சேர்ப்பது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இது பொது வழக்கமானது. இரண்டாவது, பயணத்தையே ஒரு பதப்படுத்தும் முறையாகக் கொள்வது. வேண்டுமென்றே இந்தியா வரை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்த ஒயினுக்கு ‘வின்யோ ட ரோடா’, அதாவது சுற்றி வந்த ஒயின் என்று பெயர். லண்டன் சந்தையில் இது கூடுதல் விலைக்கு விற்றது. போகும்போது இருமுறையும் வரும்போது இருமுறையும் நிலநடுக்கோட்டைக் கடந்தது என்பதே அதன் தகுதிச் சான்று.

அடுப்பும் மாடியும்

கப்பல் வாடகை கொடுத்து வெப்பத்தை வாங்குவது செலவான காரியம். பிரெஞ்சுப் புரட்சிக் காலப் போர்களில் கடல்வழி ஆபத்தாக, அதே நேரம் தேவை பெருக, வணிகர்கள் வெப்பத்தைத் தீவிலேயே உண்டாக்கும் வழி தேடினர். 1794 வாக்கில் ‘எஸ்டுஃபா’ என்னும் சூட்டறைகள் தோன்றின. தீமூட்டிச் சூடேற்றிய அறையில் பீப்பாய்களை மாதக்கணக்கில் வைப்பது முறை. அளவு மீறிய சூட்டில் ஒயின் கருகிய வாடை கொண்டது. பெயர் கெடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குத் தடையும் விதிக்கப்பட்டது. தடை நிலைக்கவில்லை. ஓராண்டுக் கடற்பயணத்தைச் சில மாதங்களில் முடித்துவிடும் வசதியை வணிகம் விடுமா?

இன்றைய எஸ்டுஃபா எஃகுத் தொட்டி. உள்ளே சுருள் குழாயில் வெந்நீர் ஓட, ஒயின் 45 முதல் 50 பாகை வரையிலான சூட்டில் குறைந்தது மூன்று மாதம் கிடக்கிறது. மலிவு வகைகளுக்கு இதுவே வழி. உயர்ந்த வகைகளுக்கு ‘கான்டெய்ரோ’ முறை. பீப்பாய்களைத் தாங்கும் மர உத்தரங்களின் பெயர் அது. ஃபுஞ்சாலின் பழைய கிடங்குகளில் ஓட்டுக்கூரைக்கு அடியிலுள்ள மேல்மாடியில் புது ஒயின் வைக்கப்படுகிறது. கோடைப் புழுக்கத்தில் ஒயினின் ஒரு பங்கு ஆவியாக, கட்டையின் இடுக்குகள் வழியே காற்று உள்ளே நுழைய, நிறம் பொன்னிலிருந்து செம்புக்கும் பிறகு காப்பிக்கும் இறங்குகிறது. ஆண்டுகள் ஆக ஆகப் பீப்பாய் ஒவ்வொரு தளமாகக் கீழிறக்கப்படுகிறது. சர்க்கரையும் அமிலமும் நெடுஞ்சூட்டில் மாறி, கருகிய வெல்லம், வாதுமை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் பிறக்கிறது. கெடுவதற்கு உரியது எல்லாம் முன்பே நடந்து முடிந்துவிட்டபடியால், திறந்த புட்டியும் மாதக்கணக்கில் தாங்கும்.

இனிப்பின் அளவு சாராயம் சேர்க்கும் நேரத்தைப் பொறுத்தது. நொதித்தல் ஏறக்குறைய முடிந்தபின் சேர்த்தால் செர்சியலின் வறண்ட சுவை. தொடக்கத்திலேயே நிறுத்தினால் மால்ம்சியின் தித்திப்பு. வெர்டெல்யோவும் போவாலும் இடையில். சேர்த்த பின் மதுச்சாரத்தின் அளவு பொதுவாக 19 விழுக்காட்டுக்கு அருகில் நிற்கும்.

நோயும் சந்தையும்

1852 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல்நோய் சில ஆண்டுகளில் விளைச்சலை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியது. கந்தகத்தூள் மருந்தென்று தெரியவருமுன் பல வணிக நிறுவனங்கள் மூடிவிட்டன. உழவர் கடல் கடந்தனர். 1835இலேயே பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு மதீரர் செல்லத் தொடங்கியிருந்தனர். 1838 முதல் அதே தோட்டங்களில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களும் இறக்கப்பட்டனர். 1872இல் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் வந்தது. சாம்பல்நோய்க்கு மருந்து இருந்தது, இதற்கு இல்லை. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டுவதே தீர்வு. லீகாக் குடும்பத்து வணிகர் தாமஸ் ஸ்லாப் லீகாக் தம் தோட்டத்தில் இதை எதிர்த்துப் போராடிய முறைகள் பிறருக்கு வழிகாட்டின.

ஒட்டுக்கட்டப் பொறுமையற்ற உழவர் பலர் அமெரிக்கக் கலப்பினங்களையே நேரடியாக நட்டனர். இசபெல்லா, ஷக்கே போன்றவை நோய் தாங்கின, நிறையக் காய்த்தன. ஒயின்தான் மட்டமாக இருந்தது. இந்தியச் சந்தையில் ‘பெங்களூர் புளூ’ என்று விற்பதும் இசபெல்லாவின் வகையே எனப்படுகிறது. உயர் இனங்கள் நின்ற இடத்தில் கறுப்புத் திராட்சையான டிண்டா நெக்ராவும் பரவியது. அதைக் கொண்டு நான்கு சுவைகளையும் செய்து, உயர் இனங்களின் பெயரை ஒட்டி விற்கும் வழக்கம் நூறாண்டு நடந்தது. இதை ஏமாற்று என்று சொல்வதில் தவறில்லை.

சந்தைகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. 1917 புரட்சியில் ரஷ்யாவும், 1920இன் மதுவிலக்கில் அமெரிக்காவும் போயின. எஞ்சிய நிறுவனங்கள் 1913இல் தொடங்கிய மதீரா ஒயின் சங்கத்தில் சேரத் தொடங்கின. பிளாண்டி, லீகாக் நிறுவனங்கள் 1925இல் இணைந்தன. நெடுங்காலம் மதீராவின் பெரும்பங்கு பிரான்சிலும் ஜெர்மனியிலும் சமையற்கட்டுக்கே போனது. உயர்குடி மேசையிலிருந்து குழம்புச் சட்டிக்கு வந்த இந்த இறக்கத்தை அக்கால நிறுவனங்கள் விலை மலிவாலேயே ஈடுகட்டின.

திருத்தம் சட்டத்தின் வழியே வந்தது. 1979இல் மதீரா ஒயின் நிறுவனம் என்ற அரசு அமைப்பு ஏற்பட்டது. கலப்பினங்கள் மதீரா ஒயினில் விலக்கப்பட்டன. போர்ச்சுக்கல் 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. 1993 முதல், புட்டியில் பெயர் இட்ட இனம் உள்ளே 85 விழுக்காடாவது இருக்க வேண்டும். 20 ஆண்டுகளாவது பீப்பாயில் முதிர்ந்ததற்கே ‘ஃப்ரஷ்கெய்ரா’ என்ற உயர்தரப் பெயர். டிண்டா நெக்ராவுக்குத் தன் பெயரிலேயே புட்டியில் இடம் கிடைத்தது 2015இல்தான். ஒயினுக்குரிய உயர் கொடிகள் இன்று 500 ஹெக்டேருக்கும் குறைவான பரப்பில் நிற்கின்றன. பல இடங்களில் வாழைத் தோட்டம் அவற்றை நெருக்குகிறது.

2002 முதல், பீப்பாயிலோ தொட்டியிலோ மொத்தமாக மதீராவைத் தீவை விட்டு அனுப்ப அனுமதி இல்லை. உப்பும் மிளகும் கலந்து குடிக்கத் தகாததாக்கிய சமையல் ஒயினுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவை தீவிலேயே புட்டியில் அடைபட்ட பின்தான் கப்பலேறுகின்றன.